இன்னும் ஒரு ஆள் ஏறலாம்

"எத்தனை பேர் போகலாம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"எட்டுப் பேர் தாராளமாப் போகலாம்" என்றேன்.

அந்த எட்டு என்ற எண்ணை நான் எங்கும் படிக்கவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை. அன்று வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். அவ்வளவுதான் என் கணக்கு.

நான் கரூர்க்காரன். அமராவதியில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூடும் ஊர் அது. படகு என்பதைச் சினிமாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேலை என்னைக் கொண்டுவந்து சேர்த்த இடமோ அமெரிக்காவின் மினசோட்டா. கார் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும் மாநிலம். உண்மையில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. கோடை வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளின் முன்னால் டிரெய்லரில் படகு நிற்கும். நான்காவது கோடையில் எனக்கும் ஆசை வந்தது.

புதுப் படகின் விலையைக் கேட்டுவிட்டு, பழையதற்கு இறங்கி வந்தேன். 1984-ல் செய்த ஃபைபர் கிளாஸ் படகு. 16 அடி நீளம், 6 அடி அகலம், பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்டு இன்ஜின். விலை 2,200 டாலர். விற்ற பெரியவர் நேர்மையானவர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ரிவெட் ஓட்டைகளைத் தொட்டுக் காட்டி, "இங்கேதான் கெபாசிட்டி பிளேட் இருந்தது. டாஷ்போர்டை மாற்றும்போது கழற்றினேன், தொலைந்துவிட்டது. எவ்வளவு ஏற்றலாம் என்று விசாரித்துக்கொள்" என்றார். நான் தலையாட்டினேன். விசாரிக்கவில்லை.

அந்தப் பிளேட்டின் கதை இது. 1971-ல் அமெரிக்கா படகுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி 1972 நவம்பர் முதல், 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் கம்பெனியே ஒரு தகட்டைப் பதித்துத் தர வேண்டும். எத்தனை பேர், அவர்களின் மொத்த எடை எவ்வளவு, ஆட்களோடு இன்ஜினும் சாமான்களும் சேர்ந்தால் எவ்வளவு, எத்தனை குதிரைத்திறன் இன்ஜின் வரை மாட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாய்மரப் படகுக்கும் கனூ, கயாக் போன்ற துடுப்புப் படகுகளுக்கும் காற்றடைத்த படகுக்கும் இது கிடையாது. உள்ளங்கை அளவு தகடு. என் படகில் அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. நான் அவற்றை மறைத்து ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஜூலை மாதம் மாமனார், மாமியார், மச்சான் குடும்பம் எல்லாரும் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார்கள். மினியாபொலிஸுக்கு மேற்கே இருக்கிறது மினடோங்கா ஏரி. கரையெல்லாம் கோடீஸ்வரர்களின் மாளிகைகள், தண்ணீரெல்லாம் பெரிய பெரிய படகுகள். மாமாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. உண்மையைச் சொன்னால், என்னிடம் படகு இருப்பதைக் காட்ட வேண்டும் என்றும் ஆசை.

படகில் இருக்கைகள் ஏழு. மச்சானின் சின்னப் பையன் மடியில் உட்கார்ந்துகொண்டான். மாமா ஏறும்போது மட்டும் ஒரு நொடி தயங்கி, "தாங்குமுங்களா மாப்பிள்ளை?" என்றார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க மாமா, போதும்" என்றேன். ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் வளர்ந்தவன் நான். 'இன்னும் ஒரு ஆள் ஏறலாம்' என்பது என் ரத்தத்தில் ஊறிய வாக்கியம். தரையில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி உண்மை உண்டு. ஒரு ஆள் கூடினால் டயர் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். தண்ணீரில் ஒரு ஆள் கூடினால் படகின் விளிம்பு தண்ணீரை நோக்கி இறங்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

லைஃப் ஜாக்கெட் ஆறுதான் இருந்தது. ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் இருவருக்கும் மாட்டிவிட்டேன். அத்தை, "சேலை மேல இதெல்லாம் எதுக்குங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் எண்ணிக்கை குறைவது வெளியே தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பெரிய மாளிகையைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். அதே நேரம் ஒரு பெரிய படகு வேகமாகக் கடந்துபோக, அதன் அலை எங்களை நோக்கி வந்தது. பயத்தில் நான் ஆக்சிலேட்டரைச் சட்டென்று இறக்கினேன். செய்யக் கூடாத காரியம் அது. ஓடும் படகு திடீரென்று வேகம் இழந்தால், அது கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து ஏறும். படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தைக் கடையால் என்றும் நம் மீனவர்கள் சொல்வார்கள். என் படகின் கடையாலில் இன்ஜின் மாட்டுவதற்காக வெட்டிவிட்ட பலகைதான் இருப்பதிலேயே தாழ்ந்த விளிம்பு. தண்ணீர் அதன்வழியே உள்ளே வந்தது. பின்னால் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். அடுத்த அலையில் முழங்கால் வரை தண்ணீர். இன்ஜின் நின்றுவிட்டது. தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சைத் தட்டினேன். அது எப்போதோ செத்திருந்தது. அத்தை தயிர்சாதத் தூக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் போன ஒரு பாண்ட்டூன் படகுக்காரர்கள் வந்து ஐந்து பேரை இறக்கிக்கொண்டார்கள். எங்கள் படகு முழுகாமல் பாதி மிதந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீர்ரோந்து அதிகாரி ஒருவர் வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அபராதச் சீட்டு எழுதினார். பிறகு கேட்டார்: "இந்தப் படகு எவ்வளவு தாங்கும்?"

"பிளேட் தொலைந்துவிட்டது" என்றேன்.

"நான் பிளேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. படகு எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன்."

அன்று இரவு மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி, கோபமே இல்லாமல் கேட்டார்: "எட்டுப் பேர் போலாம்னு எங்க எழுதியிருந்துச்சுங்க மாப்பிள்ளை?" 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை அவர் அப்போது பேப்பரில் படித்திருந்தார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு அது. என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் அடுத்த ஒரு மாதம் அலைந்தேன்.

முதலில் கம்பெனியைத் தேடினேன். படகின் பின்பலகையில் வலதுபக்கம் 12 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறி பொறித்திருக்கும். முதல் மூன்று எழுத்து எந்தக் கம்பெனி என்று சொல்லும். அதைக் கொடுத்துக் கேட்டால் பல கம்பெனிகள் பிளேட்டின் விவரத்தைத் தருவார்கள். என் படகைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது.

அடுத்தது, அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லித்தரும் எளிய கணக்கு. நீளத்தை அகலத்தால் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும், இரண்டும் அடியில். 16 பெருக்கல் 6, 96. வகுத்தால் ஆறு சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டால் ஆறு பேர். ஏழு இருக்கை உள்ள படகுக்கு ஆறு பேர்! அந்த ஆறும் ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ என்று வைத்து, காற்றும் அலையும் இல்லாத நாளுக்குச் சொன்னது. அன்று போன எட்டுப் பேரின் எடையைக் கூச்சத்தோடு கேட்டுக் கூட்டினேன்: 519 கிலோ. கணக்கு அனுமதித்தது 408 கிலோ. ஐஸ் பெட்டியும் சாப்பாட்டுத் தூக்கும் பெட்ரோலும் இதில் சேரவில்லை. பெட்ரோல் ஒரு கேலன் ஆறு பவுண்டுக்குக் குறையாது. டேங்க் நிறைய 12 கேலன் போட்டிருந்தேன். அதுவே ஒரு சிறுவனின் எடை.

கம்பெனிகள் பிளேட்டில் போடும் எண்ணுக்கு இதைவிடக் கடுமையான கணக்கு உண்டு. படகை மட்டமாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் தண்ணீர் உள்ளே வழியத் தொடங்கும். அந்த எல்லைவரை அது தாங்கும் மொத்த எடையிலிருந்து படகின் சொந்த எடையைக் கழிக்கிறார்கள். அவுட்போர்டு படகாக இருந்தால் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை எழுதக் கூடாது. இன்ஜினும் அந்தச் சுமையில் சேர்த்திதான். ஐந்தில் நான்கு பங்கு ஏன் சும்மா கிடக்கிறது என்று முதலில் தோன்றியது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றவனுக்கு அது புரிய நேரமாகவில்லை. அந்த நான்கு பங்கும் அலைக்கும், எழுந்து நிற்கும் மனிதருக்கும், ஒரே பக்கம் சாயும் குடும்பத்துக்கும், பயத்தில் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநருக்கும் ஒதுக்கியது.

சரி, ஆறு பேர் என்று முடித்திருப்பேன். படகுத்துறையில் பழக்கமான ஒரு மெக்கானிக்தான், "40 வருஷப் படகு. உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். எடை போட்டுப் பார்" என்றார். படகின் தரைக்கு அடியில் ஃபோம் நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் நிறைந்தாலும் படகு முழுகாமல் இருப்பது அதனால்தான். ஆனால் பல வருடம் ஈரத்தில் ஊறினால் அந்த ஃபோமே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோளமும் சோயாவும் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தும் எடைமேடைக்குப் படகைக் கொண்டுபோனேன். டிரெய்லரோடு ஒரு தடவை, படகை இறக்கிவிட்டு டிரெய்லரை மட்டும் ஒரு தடவை. வித்தியாசம் 1,660 பவுண்டு. பழைய விற்பனைக் கையேட்டில் வெறும் படகு 950 பவுண்டு. இன்ஜினும் பேட்டரியும் சேர்த்தால் 1,245 வர வேண்டும். மிச்சம் 400 பவுண்டுக்கு மேல், அத்தனையும் பெரும்பாலும் தண்ணீர். எங்கள் எட்டுப் பேரோடு கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர் அன்று தரைக்கு அடியில் படுத்து வந்திருக்கிறார்கள். போதாததற்கு, பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டு அதைவிட 60 பவுண்டு கூடுதலான ஃபோர்-ஸ்ட்ரோக்கை மாட்டியவனும் நான்தான். அந்தக் கூடுதல் எடை உட்கார்ந்ததும் தண்ணீர் உள்ளே ஏறிய அதே கடையாலில்தான்.

பிளேட் தொலையாமல் இருந்திருந்தாலும் நான் தப்பித்திருக்க மாட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிளேட் சொல்வது படகு பிறந்த அன்று இருந்த நிலையை. 2005 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 'ஈதன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு 47 பயணிகளோடு கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். படகு 1960-களில் கட்டியது. 48 பயணிகளுக்குச் சான்றிதழ் இருந்தது. ஆளுக்கு 140 பவுண்டு என்ற பழைய கணக்கில் வந்த எண் அது. இடையில் மேற்கூரையையும் மாற்றியிருந்தார்கள். யாரும் மறுபடி அளந்து பார்க்கவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நிலையில் 14 பேரைத்தான் ஏற்றியிருக்கலாம் என்றது. பிறகு 2011-ல் கடலோரக் காவல்படை பயணிகள் படகுகளுக்கான சராசரி ஆளின் எடையை 185 பவுண்டாக உயர்த்தியது. படகும் மாறுகிறது, ஏறுகிற மனிதர்களும் மாறுகிறார்கள். மாறாமல் இருப்பது தகட்டில் உள்ள எண் மட்டுமே.

அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டிக் கொட்டகையில் படகின் தரையைப் பெயர்த்தேன். ஊறிய ஃபோமைத் தோண்டித் தோண்டி வாளியில் போட்டேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. புது ஃபோம் நிரப்பி, தரை போட்டு, மறுபடி எடைமேடைக்குப் போனேன். பிறகு காற்றில்லாத ஒரு காலையில் துறையில் கட்டி வைத்து, நண்பர்களை ஒவ்வொருவராக ஏற்றி, பின்பலகைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்தேன். ஐந்தாவது ஆளோடு நிறுத்திக்கொண்டேன். கணக்கு ஆறு என்றது. இன்ஜினின் கூடுதல் எடைக்கும் மினடோங்காவின் அலைக்கும் ஒன்றைக் கழித்தேன்.

பிள்ளையார் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அதே இரண்டு ஓட்டைகளில் ஒரு தகட்டை அடித்திருக்கிறேன். சட்டத்தின் முன் அதற்கு மதிப்பில்லை. அது எனக்கு நானே எழுதியது. போன கோடையில் மாமா மறுபடி வந்தபோது முதலில் அதைத்தான் படித்தார். அன்று நாங்கள் ஏழு பேர் இருந்தோம். இரண்டு நடையாகப் போய்வந்தோம். அத்தை இரண்டாவது நடையில், சேலைமேல் லைஃப் ஜாக்கெட்டோடு.

தகட்டில் தமிழில் எழுதியிருப்பது இதுதான்: 'ஐந்து பேர் அல்லது 340 கிலோ. எது முதலில் வருகிறதோ அது.'