துடைத்ததில் மிஞ்சியது

"இன்னும் கொஞ்சம் துடைம்மா" என்றார் சார்.

எட்சிங் தகட்டைத் துடைப்பது தனி வித்தை. கீறிய கோட்டுக்குள் மை நிற்க வேண்டும், மேற்பரப்பில் நிற்கக் கூடாது. கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மணிக்கட்டு வலியில் நான் ஒரு மூலையை அப்படியே விட்டுவிட்டேன். பிரஸ்ஸில் ஓட்டித் தாளைத் தூக்கிப் பார்த்தால், அந்த மூலையில் நான் வரையாத மேகம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. திட்டு விழும் என்று பார்த்தேன். "இதையே வேணும்னு செஞ்சா மோனோடைப்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பழைய அச்சகக்காரர்களிடம் மோனோடைப் என்றால் எழுத்து வார்க்கும் இயந்திரத்தைத்தான் சொல்வார்கள். சார் சொன்னது வேறு. கீறலே இல்லாத வழுவழுப்பான தகட்டில் மையைப் பரப்பி, துணியாலும் குச்சியாலும் விரலாலும் எடுத்து எடுத்துப் படம் செய்வது. அல்லது வெறும் தகட்டில் தூரிகையால் நேரடியாக வரைவது. ஈரத்தாளை வைத்து அழுத்தினால் மையில் பெரும்பகுதி தாளுக்குப் போய்விடும். தகட்டில் கோடு ஏதும் இல்லாததால் மறுபடி மை போட்டாலும் அந்தப் படம் வராது. ஒன்றே ஒன்றுதான்.

அதுதான் என்னை உறுத்தியது. நிறையப் பிரதி எடுக்கத்தானே அச்சு? ஒன்றே ஒன்று எடுப்பதற்காக ஒருவர் பிரஸ்ஸை எதற்குத் தேடிப் போனார்?

புத்தகங்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது ஒரே பெயர்: ஜியோவன்னி பெனடெட்டோ காஸ்டிலியோனே. இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரத்துக்காரர், 1609இல் பிறந்தவர். 1640களில் முதன்முதலாக இதைச் செய்தவர் அவரே என்று எழுதியிருந்தது. எனக்குத் திருப்தி இல்லை. என் மூலையில் வந்த மேகம் மாதிரி அவருக்கும் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே.

முதலில் ரெம்பிராண்ட் மேல்தான் சந்தேகம். அவருடைய எட்சிங்குகளைப் பார்த்துக் கற்ற முதல் இத்தாலியர்களில் காஸ்டிலியோனே ஒருவர். கிறிஸ்துவை அடக்கம் செய்யும் காட்சியை ரெம்பிராண்ட் ஒரு தகட்டில் செய்திருக்கிறார். அதன் சில பிரதிகளில் மையைத் துடைக்காமலே விட்டிருப்பார்; குகை இருட்டில் முகங்கள் தட்டுப்பட்டும் படாமலும் தெரியும். கண்டுபிடித்துவிட்டேன் என்று நோட்டில் பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டேன். அப்புறம்தான் ஆண்டைப் பார்த்தேன். அந்தத் தகடு ஏறக்குறைய 1654ஆம் ஆண்டுடையது. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் காஸ்டிலியோனேயின் 'ஆதாமின் படைப்பு' 1642 வாக்கில் செய்யப்பட்டது. அடிக்கோட்டை அடித்தேன்.

அடுத்தது ஹெர்குலிஸ் செகர்ஸ். இந்த டச்சுக்காரர் இன்னும் மூத்தவர். ஒரே தகட்டை ஒருமுறை நீல மையில், ஒருமுறை பச்சையில், சாயம் பூசிய தாளில், துணியில் என்று மாற்றி மாற்றி அச்சிட்டார். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆனால் அத்தனைக்கும் அடியில் கீறிய தகடு இருக்கிறது. அவர் உறவுக்காரர், தகப்பன் இல்லை.

விடை கடைசியில் காஸ்டிலியோனேயின் வேறு படங்களிலேயே கிடைத்தது. பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் அவர் வரைந்தவை ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பல, மற்றவர்கள் போலப் பேனாவும் சாக்கட்டியும் கொண்டு வரைந்தவை அல்ல. எண்ணெய் வண்ணத்தைத் தொட்டு, தூரிகையால் தாளில் நேராக இழுத்தவை. எண்ணெய்ப் பிசுக்கோடு வரையப் பழகிய கை; பக்கத்திலேயே எட்சிங் தகடு, மை, துணி. தாளில் செய்ததைத் தகட்டில் செய்து பார்க்க ஓரடி எடுத்துவைத்தால் போதும். இது என் ஊகம்தான், ஆனால் 'ஆதாமின் படைப்பு' எனக்குச் சாதகமாகவே பேசுகிறது. ஏறக்குறைய ஏ4 அளவுத் தாள், முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு கோடும் குச்சியால் மையை விலக்கிய இடம். அங்கே யாரும் வெள்ளையைப் பூசவில்லை.

அவருக்குப் பிறகு இது பெரிதாகப் பரவவில்லை. வில்லியம் பிளேக் 1795இல் அட்டையில் வண்ணம் பூசித் தாளில் ஒற்றிய பெரிய படங்கள் உண்டு, 'நியூட்டன்' அவற்றில் ஒன்று. அதைவிட எனக்குப் பிடித்த கதை பாரிஸில் நடந்தது. லுடோவிக் லெபிக் என்ற பிரபு ஷெல்ட் ஆற்றங்கரைக் காட்சி ஒன்றைத் தகட்டில் கீறிவைத்துக்கொண்டு, மையையும் துணியையும் மாற்றி மாற்றியே அதிலிருந்து 85 வெவ்வேறு படங்கள் எடுத்தார். ஒன்றில் நிலவு, ஒன்றில் பனி, ஒன்றில் எரியும் காற்றாலை. என் சோம்பேறி மேகத்தை அவர் 85 முறை வேண்டுமென்றே செய்திருக்கிறார்! அவரோடு சேர்ந்துதான் எட்கர் டெகா 1870களின் நடுவில் தன் முதல் மோனோடைப்பை எடுத்தார். பாலே ஆசிரியர் ஒருவரின் படம் அது. இருவர் பெயரும் அதில் இருக்கிறது. பிறகு டெகா 300க்கு மேல் எடுத்துத் தள்ளிவிட்டார். சிலவற்றில் அவருடைய விரல் ரேகையே பதிந்திருக்கிறது.

அவர் தகட்டை ஒரு ஓட்டத்தோடு விடவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச மையில் இன்னொரு தாளை வைத்து ஓட்டுவார். மங்கலாக ஒன்று வரும், பட்டறையில் அதை 'கோஸ்ட்' என்பார்கள். அதன் மேல் பாஸ்டலால் வண்ணம் ஏற்றுவார்.

போன வாரம் நானும் ஒன்று செய்தேன். அக்ரிலிக் ஷீட்டில் கறுப்பு மையை ரோலரால் உருட்டி, பட்ஸால் ஒரு வேப்பமரத்தைத் துடைத்து எடுத்தேன். மூலையில் தீக்குச்சியால் 'க' என்று கையெழுத்தும் போட்டேன். தாளைத் தூக்கினால் மரம் நன்றாகத்தான் வந்திருந்தது. 'க' மட்டும் முதுகைக் காட்டி நின்றது. அச்சில் எல்லாம் திரும்பித்தான் விழும் என்று தெரிந்தும் போட்டிருக்கிறேன். இன்னொரு தாளை வைத்து மறுபடி ஓட்டினேன். மஞ்சுக்குள் நிற்பது போல அதே மரம்.

பதிப்புப் படங்களின் கீழே, எடுத்த பிரதிகளில் இது எத்தனையாவது என்று பென்சிலில் எண் போடுவது வழக்கம். முதல் தாளில் 1/1 என்று எழுதினேன். மங்கலான தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு என்ன சார் போடறது?" என்றேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு வருமா?"

"வராது சார்."

"அப்ப அதுக்கும் 1/1 போடு."