நடக்காத போட்டி

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2025 மார்ச் 21 அன்று குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் காலமானார். அவருக்கு வயது 76. மறுநாள் மாலை சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைக்கு நாம் போய்ச் சேரும் முன்பே செய்தி அங்கு வந்திருந்தது.

"பாத்தீரா அண்ணாச்சி, கிழவன் போய்ச் சேந்துட்டான். கடைசி வரைக்கும் டைசன் அவன்கிட்ட மோதவே இல்லையே" என்றார் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர். அருகிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைக்கலானார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்பது நாம் முப்பத்தைந்து ஆண்டுகளாக அறிந்தது.

முப்பத்தைந்து ஆண்டு என்பது மிகையன்று. மைக் டைசன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு அஞ்சி ஒதுங்கினாரா, இல்லையா என்ற இந்த வழக்கு 1990இல் நம் பெஞ்சில் பதிவாயிற்று. குத்துச்சண்டை வீரர் ஒருவரைக் கண்ணால் கண்டவர் எங்களுள் ஆசிரியர் ஒருவரே. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, அந்தப் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசையில் அவரும் நின்றிருந்தார். அந்த ஒரு தகுதியினால் எங்கள் நீதிமன்றத்தில் அவருக்கு எப்போதும் நடுவர் இருக்கை.

யார் பெரியவர் என்று வாதாடுவது இந்த ஊருக்குப் புதிதுமன்று. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று பிணங்கிக்கொள்ள, கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவாய்க் கண்டாள் என்பது இங்குள்ள கோயிலின் தலவரலாறு. ஆண்டுதோறும் ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் கூடுவது அந்தக் காட்சிக்காகவே. நாம் வேறு மறையைச் சார்ந்தவரேனும் இதைக் கேட்டே வளர்ந்தோம். இருவரில் ஒருவரும் தோற்காத அத்தகைய தீர்ப்புக்குக் குத்துச்சண்டை மேடையில் இடமில்லை. அங்கே இருவரும் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் வழக்கு முடிவதே இல்லை.

வழக்கின் விவரம் அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுவோம். ஃபோர்மன் 1973இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தி, ஹெவிவெயிட் எனும் பேரெடைப் பிரிவின் உலக வாகையர் ஆனவர். மறு ஆண்டே ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். 1977இல் ஜிம்மி யங்கிடம் தோற்ற இரவு, உடைமாற்றும் அறையில் தமக்கு இறை அனுபவம் கிட்டியதாகக் கூறிக் கையுறையைக் கழற்றிவிட்டு, ஹூஸ்டனில் நற்செய்தி போதகரானார். பத்து ஆண்டுகள் அவர் எவரையும் குத்தவில்லை. பிறகு 1987இல், தாம் நடத்திவந்த இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி, முப்பத்தெட்டு வயதில், மழித்த தலையும் பருத்த வயிறுமாக மேடைக்குத் திரும்பினார். சிரிக்காதவர் இல்லை.

அப்போது அரசாண்டவர் டைசன். 1986இல் இருபது வயதில் பட்டம் வென்றவர். அத்தனை இளமையில் அப்பிரிவில் வேறொருவர் வென்றதில்லை. 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்பவரிடம் யாரும் எதிர்பாராத வண்ணம் வீழ்ந்தார். அவ்வாண்டு ஜூன் 16 அன்று லாஸ் வேகாஸில் ஒரே மேடையில், ஒரே இரவில் ஃபோர்மனும் டைசனும் தனித்தனி எதிரிகளுடன் மோதினார்கள். ஃபோர்மன் இரண்டாம் சுற்றில் வென்றார், டைசன் முதற்சுற்றிலேயே வென்றார். உலகமே அடுத்தது இவர்கள் இருவரும்தான் என்றது. அடுத்தது வரவே இல்லை.

"பயம்தான் வே, வேறென்ன?" என்பது தறிக்கார நண்பரின் கட்சி. இருபத்து மூன்று வயதுக் காளை நாற்பத்தொரு வயதுப் போதகருக்கு அஞ்சியது என்றால் கேட்கவே இனிக்கிறது அல்லவா? நாமும் தொடக்கம் முதல் அக்கட்சியே. ஃபிரேசியரைப் போலக் குனிந்து நெருங்கிவரும் குட்டையான வீரரை ஃபோர்மன் என்ன செய்தார் என்பது டைசனுக்குத் தெரியும். அவரும் அதே வகை உயரம், அதே வகை ஆட்டம். ஆகவே ஒதுங்கினார் என்று ஒரு வழக்கறிஞரைப்போல நாம் பல மாலைகள் முழங்கியதுண்டு.

ஆசிரியரின் மறுப்பு பொறுமையானது. டைசன் வயது முதிர்ந்தவர்களைத் தவிர்த்தவர் அல்லர் என்பார். 1988 ஜனவரியில், ஓய்விலிருந்து திரும்பிய லாரி ஹோம்ஸை அவர் நான்காம் சுற்றில் வீழ்த்தினார். ஹோம்ஸுக்கு அப்போது முப்பத்தெட்டு. 1990க்குப் பின் டைசன் தேடியது இழந்த பட்டத்தை. அதற்கான வழியில் ரேஸர் ரட்டக்குடன் 1991இல் இருமுறை மோதினார். ஃபோர்மனுக்கோ அதற்குள் பட்டப் போட்டியே கிடைத்துவிட்டது. 1991 ஏப்ரலில் எவாண்டர் ஹோலிஃபீல்டை எதிர்த்து நாற்பத்திரண்டு வயதில் பன்னிரண்டு சுற்றும் நின்று புள்ளிகளில் தோற்றார். 1992 மார்ச்சில் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக டைசன் தண்டிக்கப்பட்டுச் சிறை புகுந்தார். 1995 மார்ச் வரை அவர் வெளியே இல்லை. "இதுல பயம் எங்கய்யா வருது? நாள்தான் கூடி வரல" என்று ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

இந்தப் பட்டியலில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. நம்மை வருத்துவதும் அதுவே. அதைப் பிறகு சொல்கிறோம்.

ஹோம்ஸின் பெயர் வந்ததால் ஒன்றைக் குறிப்பிடாமல் நகர மனமில்லை. சென்னையில் காட்சிப் போட்டி ஆடிய அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஓய்விலிருந்து திரும்பிய முப்பத்தெட்டு வயது அலி பட்டம் கேட்டு வந்தபோது, எதிரே நின்ற வாகையர் ஹோம்ஸ். அவர் ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணைவராக அடி வாங்கிக் கற்றவர். அன்று அவர் ஒதுங்கவில்லை. பத்து சுற்றுகள் அலி வாங்கினார், திருப்பித் தரவில்லை; அவருடைய பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். மக்கள் அவரைப் பாராட்டவில்லை; தாங்கள் நேசித்த ஒருவரை அடித்தவர் என்றே நினைவில் வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, அதே முப்பத்தெட்டு வயதில் அவர் டைசனிடம் அடி வாங்கினார்.

ஆகவே இதில் ஒரு கணக்கு இருக்கிறது. திரும்பி வரும் முதியவரை வென்றால் 'கிழவனைத்தானே அடித்தாய்' என்பார்கள். தோற்றால் ஆயுளுக்கும் தலைகுனிவு. வெல்வதில் வரவில்லை, தோற்பதில் பெருஞ்செலவு. இத்தகைய கணக்கை நம் ஊர் ஜவுளி வியாபாரி எவரும் ஒரு நொடியில் போட்டு, கடையைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பயம் என்று பெயரிடுவதா, புத்தி என்று பெயரிடுவதா?

ஃபோர்மனும் இந்தக் கணக்கைப் படித்தவர்தான். 1994 நவம்பர் 5 அன்று, கின்ஷாசாவில் இருபது ஆண்டுகளுக்கு முன் அணிந்த அதே சிவப்புக் காற்சட்டையுடன், இருபத்தாறு வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி, நாற்பத்தைந்து வயதில் மீண்டும் உலக வாகையர் ஆனார். ஒன்பது சுற்றுகள் பின்தங்கியிருந்தவர் விட்ட ஒரே வலக்கைக் குத்து. செய்தி வந்த நாளில் தறிக்கார நண்பர் கடையில் இருந்தோர் அனைவருக்கும் தேநீர் வாங்கித் தந்தார். ஆனால் பட்டம் கைக்கு வந்தபின் ஃபோர்மன் என்ன செய்தார்? டோனி டக்கருடன் மோத மறுத்ததால் ஒரு சங்கத்தின் பட்டம் போயிற்று. 1995 ஏப்ரலில் ஆக்ஸல் ஷூல்ஸ் என்ற ஜெர்மானியரைப் புள்ளிகளில் மயிரிழையில் வென்று, தீர்ப்பே தவறு எனப் பலர் கூற, மறுபோட்டிக்கு இணங்காமல் மற்றொரு சங்கத்தின் பட்டத்தையும் விட்டார். கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர் வீட்டுக்குள் வந்ததும் தாழ்ப்பாளைத் தேடினார் என்று ஆசிரியர் சொன்னபோது தறிக்கார நண்பர் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

இதையெல்லாம் கடல் கடந்த கதை என்று தள்ளவும் முடியாது. 2019இல் நம் நாட்டிலேயே, ஆறு முறை உலகப் பட்டம் வென்ற மேரி கோம் தேர்வுப் போட்டியின்றி உலகப் போட்டிக்கு அனுப்பப்பட்டார். எனக்கும் வாய்ப்புத் தாருங்கள் என்று நிகத் சரீன் என்ற இளம்பெண் விளையாட்டுத்துறை அமைச்சருக்கே மடல் எழுதினார். இங்கே தட்டியவர் இளையவர், உள்ளிருந்தவர் மூத்தவர். மூத்தவர் அஞ்சுகிறார் என்று பலர் பேசினர். அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று தில்லியில் இருவரும் மோதினார்கள். மேரி கோம் 9–1 என்று வென்றார். ஆட்டம் முடிந்து கைகுலுக்க மறுத்தார் என்பது நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் அஞ்சினார் என்ற பேச்சு அன்றோடு அற்றுப்போயிற்று. தோற்றவரும் வீணாகவில்லை, 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றார். ஒரு போட்டி நடந்துவிடுவதில் எத்தனை பேருக்கு விடுதலை!

இனி நம் கதை.

1987 முதல் 1989 வரை மூன்று ஆண்டுகள் நம் தெருப் படிப்பகத்தின் கேரம் வாகையர் நாம். இதைப் படித்துச் சிலர் நகைக்கக்கூடும். இருபத்து மூன்று வயதில், வேலை கிடைக்காமல், தகப்பனார் தறியில் நூல் இழை முடிந்துகொண்டிருந்த ஒருவனுக்கு அந்த எவர்சில்வர் கோப்பை என்னவாக இருந்தது என்பது அவனுக்கே தெரியும்.

1989ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து ஒருவர் குடும்பத்துடன் ஊருக்குத் திரும்பினார். பம்பாய் அண்ணாச்சி என்றே அவரை அழைத்தோம். நாம் காற்சட்டை போட்டிருந்த நாளில் படிப்பகத்தில் அவரை வென்றவர் இல்லை. தாராவியில் பதினைந்து ஆண்டு உழைத்து, இருமலும் நரையுமாக வந்திருந்தார். ஒரு மாலை படிப்பகத்தின் வாசற்படியில் நின்று நம் ஆட்டத்தைப் பார்த்தார். சிவப்புக் காயை நாம் போட்டு, அடுத்த காயையும் தவறாமல் போட்டபோது தலையசைத்தார். பிறகு உள்ளே வந்து, "தம்பி, ஒரு போர்டு போடுவமா?" என்றார்.

கேட்ட முறையில் அறைகூவல் ஏதுமில்லை. பசித்தவர் சோறு கேட்பதுபோல் இருந்தது. மறுநாள் கழுகுமலைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்றோம். உண்மையிலேயே பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கேட்டார். தங்கைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மூன்றாம் முறை விரலில் நகச்சுற்று. அதுவும் பொய்யன்று. இடையில் ஒருநாள், நாம் இல்லாத வேளையில் அவர் தனியே காய்களை அடுக்கி அடித்துக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியே பார்த்தோம். ஸ்ட்ரைக்கரை விரல் நுனியால் தொடுவதுபோலத் தொட்டார். காய் சத்தமின்றிப் போயிற்று. எட்டுக் காய் வரை எண்ணினோம். பிறகு எண்ணாமல், தெருவின் மறுபக்கமாக வீட்டுக்கு நடந்தோம்.

1990ஆம் ஆண்டுப் போட்டிக்கான அறிவிப்பை எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. 'இளைஞர்களை ஊக்குவிக்கும் பொருட்டு, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோர் மட்டும்' என்றொரு விதியைச் சேர்க்கலாம் என்று குழுவில் முன்மொழிந்தவர் நாமே. நல்ல விதி. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வாண்டு சிறுவர்கள் பலர் சேர்ந்தார்கள், ஆகவே விதி பலனும் தந்தது. பலகையில் ஒட்டிய அறிவிப்பைப் பம்பாய் அண்ணாச்சி நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி" என்றார். அவர் அதன்பின் படிப்பகத்துக்கு வந்ததாக நினைவில்லை. 1992இல் குடும்பத்தோடு மறுபடி பம்பாய் சென்றார். அங்கேயே இறந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

நான்காம் கோப்பையும் நமக்கே வந்தது. அதே 1990இல்தான் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்து, டைசன் பயந்தான், பயந்தான் என்று நாம் குரல் உயர்த்தத் தொடங்கியதும். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் துணிவு வர முப்பத்தைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. பேருந்து, பெண் பார்த்தல், நகச்சுற்று, இளைஞர் ஊக்கம் என்ற நம் பட்டியலிலும் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அந்தப் பட்டியலை ஆசிரியரிடம் கொடுத்தால், நாள்தான் கூடி வரவில்லை என்று நம்மையும் விடுவித்திருப்பார்.

2024 நவம்பரில் டெக்சஸில், ஐம்பத்தெட்டு வயது டைசன், இருபத்தேழு வயது ஜேக் பால் என்பவருடன் எட்டுச் சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் தோற்றார். பணத்துக்கான கூத்து என்று பலர் இகழ்ந்தார்கள், நாமும் இகழ்ந்தோம். ஆயினும் அந்த இரவில் மூட்டு வலியுடன் மேடையேறிய அவரைக் கைப்பேசியில் பார்த்தபோது, அவர்மீது நமக்கு இருந்த வழக்கு ஏனோ தளர்ந்துபோயிற்று.

இதையெல்லாம் அன்று பெஞ்சில் நாம் சொல்லவில்லை. "நீரு என்ன வே பேசாம இருக்கீரு? டைசன் பயந்தான்தானே?" என்று தறிக்கார நண்பர் நம் தொடையைத் தட்டினார். "தெரியல" என்றோம். நம் வாயிலிருந்து முதன்முறையாக அச்சொல் வந்ததைக் கேட்டு ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம்.

வீடு திரும்பும் வழியில் படிப்பகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன்கள் நால்வர் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்து மாவைத் தூவிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் சற்று நேரம் நின்றோம். பலகையில் இவ்வாண்டுப் போட்டியின் அறிவிப்பு, கணினியில் அச்சடித்தது, ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோர் மட்டும் என்ற வரி அதில் அப்படியே இருக்கிறது.