சாட்சி சொன்ன பிறகு

எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வெல்லமோ, பருப்போ, வெள்ளிக் கொலுசோ, பேரம் பேசாமல் எதுவும் கை மாறாது. இங்கே இலவசமாகக் கிடைப்பது ஒன்றுதான்: அபிப்பிராயம். அதைத் தராசு இல்லாமலே அளந்து கொடுப்போம், கேட்காதவர்களுக்கும் கொடுப்போம்.

2024 பிப்ரவரியில் அந்த வியாபாரம் அமோகமாக நடந்தது. காரணம், சண்டிகர் நகர மேயர் தேர்தல். "எங்கேயோ பஞ்சாப் பக்கத்துச் சங்கதி, உங்கள் தெருவுக்கு என்ன ஜோலி?" என்று கேட்காதீர்கள். சங்கதி படமாகக் கைபேசியில் வந்துவிட்டால் சண்டிகரும் ஒன்றுதான், சன்னியாசிகுண்டும் ஒன்றுதான்.

ஜனவரி 30-ஆம் தேதி நடந்த தேர்தல் அது. மொத்தம் 36 ஓட்டு. ஆம் ஆத்மியும் காங்கிரசும் சேர்ந்து நிறுத்திய குல்தீப் குமாருக்கு 12, பாரதிய ஜனதா வேட்பாளருக்கு 16, செல்லாதவை 8 என்று கணக்குச் சொல்லி, 16 வாங்கியவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஆனால் அந்த அறையில் காமிரா இருந்தது. தேர்தல் அதிகாரி அனில் மசீஹ் ஓட்டுச் சீட்டுகளில் பேனாவால் ஏதோ குறி போடுவதும், நடுவில் தலையைத் தூக்கிக் காமிராவைப் பார்ப்பதும் நன்றாகவே தெரிந்தன. எங்கள் தெருவில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதி. தலையில் அடித்துக்கொண்டவர்கள் பாதி.

பிப்ரவரி 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதி சந்திரசூட் நேருக்கு நேர் கேட்டபோது, எட்டுச் சீட்டுகளில் குறி போட்டதை அந்த அதிகாரி ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த சீட்டுகளை அடையாளம் வைக்கத்தான் அப்படிச் செய்தாராம். மறுநாள் நீதிபதிகள் அந்தச் சீட்டுகளையே கோர்ட்டில் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் கெட்டிருக்கவில்லை. எட்டும் குல்தீப் குமாருக்கு விழுந்த ஓட்டுகள்! 20 ஓட்டோடு அவரே மேயர் என்று தீர்ப்பாயிற்று. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த மாதிரி, அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க வழியில்லை.

"பார்த்தீங்களா, சத்தியம் ஜெயிச்சுடுச்சு!" என்று எதிர்வீட்டு அக்கா எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தார். என் மாமியார் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டே, "படம் இருந்துச்சு, நம்பிட்டாங்க. படம் இல்லாதவங்க பாடு என்ன கண்ணு? அந்த மேலவளவு ஆளுங்களை நினைச்சுப் பாரு" என்றார்.

இளைய வாசகிகள் சிலருக்கு மேலவளவு என்ற பெயர் தெரியாமலிருக்கலாம். மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் அது. 1996-இல் அதன் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரில் பலருக்கு அது பொறுக்கவில்லை. முதலில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள், தேர்தல் நின்றது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மறுபடி ஓட்டுப்பதிவு நடந்தபோது பெட்டியையே பறித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் டிசம்பர் 31-ஆம் தேதி போலீஸ் காவலோடு தேர்தல் நடந்தது. முருகேசன் என்பவர் தலைவரானார். தலைவரானாரே தவிர, ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் நிம்மதியாக உட்கார அவரை விடவில்லை.

1997 ஜூன் 30-ஆம் தேதி, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு, முருகேசனும் மற்றவர்களும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வழியில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். முருகேசன், உபதலைவர் மூக்கன், இன்னும் நான்கு பேர், ஆக ஆறு பேர் மாண்டார்கள். ஓட்டுப் பெட்டியால் முடிந்துபோன தேர்தலை அரிவாளால் மாற்றி எழுதப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கு விசாரணைக்கு எங்கள் சேலத்துக்கு வந்தது. சொந்த ஜில்லாவில் சாட்சிகள் பயமின்றிப் பேச முடியுமா என்ற நிலைமை. ஆகவே, கண்ணால் பார்த்தவர்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, முன்பின் தெரியாத இந்த ஊருக்கு வந்து கூண்டில் ஏறினார்கள். அவர்களிடம் படம் கிடையாது. உடைத்துக் காட்டச் சிலம்பும் கிடையாது. அன்று பார்த்ததைச் சொல்ல நாக்கு ஒன்றுதான் இருந்தது. 2001 ஜூலையில் சேலம் செஷன்ஸ் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006-இல் ஹைகோர்ட்டும், 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தன.

நான் கல்யாணமாகிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்த புதிது அப்போது. தீர்ப்பு பேப்பரில் வந்த அன்று திண்ணையில் நடந்த பேச்சு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "மதுரைக்காரங்க வழக்கு, நமக்கு எதுக்கு?" என்றார் ஒருவர். "கோர்ட்டில் சொல்வதெல்லாம் வக்கீல் சொல்லிக் கொடுத்த பாடம்தானே?" என்றார் இன்னொருவர். "நல்ல தண்டனை!" என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு வெல்லத்து விலைக்குத் தாவினார். மாமியார் அன்றைக்கும் ஒரு கேள்விதான் கேட்டார்: "சாட்சி சொன்னவங்க எந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிப் போவாங்க?"

திண்ணையில் யாரும் பதில் சொல்லவில்லை. கொலை நடந்ததே பஸ் பயணத்தில் அல்லவா!

அந்தக் கேள்வியை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கோர்ட்டு ஒருவர் சொல்வதை ஒருநாள் கேட்கிறது, எழுதிக்கொள்கிறது, அனுப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் எடுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நீதிபதி இல்லை, அக்கம்பக்கம்தான் இருக்கிறது. தண்டனை பெற்றவர்களும் என்றைக்காவது வெளியே வருவார்கள். மேலவளவு வழக்கில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானபோது, சாட்சி சொன்னவர்களின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், 2020 ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு எண்ணும் வேலை பார்த்த தாயும் மகளும் ரூபி ஃப்ரீமன், ஷே மாஸ். தோற்றுப்போன டிரம்ப்பின் வக்கீல் ரூடி ஜூலியானி, அவர்கள் ஏதோ கம்ப்யூட்டர் சாமானை ரகசியமாகக் கைமாற்றி ஓட்டுகளைத் திருடியதாகப் புகார் சொன்னார். உண்மையில் தாய் மகளுக்குக் கொடுத்தது ஓர் இஞ்சி மிட்டாய்! 2022 ஜூன் 21-ஆம் தேதி அவர்கள் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவிடம் சாட்சியம் சொன்னபோது, அந்த மிட்டாய்க்குக் கொடுத்த விலை வெளியே வந்தது. தாய் இரண்டு மாதம் தன் வீட்டை விட்டே வெளியேறியிருக்கிறார். தன் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, மளிகைக் கடைக்குப் போவதையே மகள் நிறுத்திவிட்டார். பாட்டி வீட்டுக் கதவை முன்பின் தெரியாதவர்கள் தட்டித் தொல்லை கொடுத்தார்கள். 2023 டிசம்பரில், ஜூலியானி சுமார் 14 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் தீர்மானித்தார்கள். பெரிய தொகைதான். ஆனாலும் கூசாமல் மளிகைக் கடைக்குப் போகும் அந்தப் பழைய சுதந்திரத்தை எந்த ஜூரியால் வாங்கித் தர முடியும்?

அந்தத் தாயையும் மகளையும் ராஜ்யம் எதுவும் துன்புறுத்தவில்லை. வதந்தியை நம்பிய சாதாரண ஜனங்கள்தான் கடிதம் எழுதினார்கள், போனில் மிரட்டினார்கள், கதவைத் தட்டினார்கள். அவர்களும் நம்மைப் போலவே காப்பி குடித்துக்கொண்டே அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். தேர்தல்தோறும் வாக்குச்சாவடி வேலை அவருக்கு வந்துவிடும். முதல் நாளே மாற்றுப் புடவையும் போர்வையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். இரவு அங்கேயே தங்குவார். விடிந்ததும் கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்து, பிறகுதான் நிஜ ஓட்டுப்பதிவு. மாலையில் எத்தனை ஓட்டுப் பதிவாயிற்று என்ற கணக்கை ஏஜெண்டுகளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் ராஜ்யபாரமெல்லாம் இப்படிப்பட்ட டீச்சர்களின் கையெழுத்தில்தான் நிற்கிறது.

நாளைக்கு ஏதோ ஒரு சாவடியில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "நான் பார்த்தேன்" என்று அவர் கோர்ட்டில் சொல்ல நேர்ந்தால்? அது நமக்குப் பிடித்த கட்சிக்கு விரோதமாகவும் இருக்கலாம். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்க நீதிபதி இருக்கிறார், குறுக்கு விசாரணை இருக்கிறது. அந்த வேலையை நாம் வாசற்படியில் செய்ய வேண்டியதில்லை, சகோதரிகளே. யாரோ அனுப்பிய அவதூறைக் கைபேசியில் நாலு பேருக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். மறுநாள் காலை அவர் கூடையோடு கடைத்தெருவுக்கு வரும்போது, நகர்ந்து இடம் கொடுத்து, "வாங்க டீச்சர், தக்காளி இன்னிக்கு மலிவு" என்று சொன்னால் போதும்.