மலைக்காட்டு வண்டும் மட்டக்களப்பு வாவியும்

செங்கலடியிலே மட்டக்களப்பு வாவியைப் பின்னிட்டு மேற்கே செல்லும் வீதி, வயல்களையும் காடுகளையும் கடந்து, மகாஓயா, பிபிலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. நெய்தலிலே தொடங்கி மருதமும் முல்லையும் கண்டு குறிஞ்சியில் முடியும் வழி அது.

அம்மலைநாட்டிலே, இறம்பொடையில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நீட்னர் என்னும் செருமானியர் கோப்பித்தோட்டம் நடத்தினார். இலங்கையிற் கண்ட புதிய வண்டினங்கள் பலவற்றை அவர் 1856, 1857ஆம் ஆண்டுகளில் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டிலே விவரித்தார். புதிய இனம் என்று நிலைநாட்டுதல் எளிதன்று. உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, கடினமான மேற்சிறகின் வரிகளை நோக்கி, முன்னர் அறிந்த இனங்களோடு ஒப்பிட்டு, வேறென்று தெளிந்த பின்னரே பெயரிடல் வேண்டும்.

ஆனால், அதே காலத்திலேதான் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. வண்டுக்குப் பெயர் தந்ததும் தோட்டக்காரர் கை. அதன் வீட்டை அழித்ததும் தோட்டத்தொழிலே! 1869இல் மடுல்சீமையிலே கோப்பியிலையில் துருநோய் தோன்றியது. கோப்பி வீழ்ந்தது; தேயிலை வந்தது; காடோ மீளவில்லை. எவரும் காணுமுன்பே மாய்ந்த உயிர்கள் எத்தனையோ! பெயரில்லாததன் மறைவுக்கு அழுவார் யார்?

மலையிலே நிகழ்ந்தது வாவிக்கரையிலும் நிகழலாம். நம் கண்ணாக்காடுகள் மீனுக்கும் இறாலுக்கும் மட்டுமன்றிப் பூச்சிகளுக்கும் புகலிடம். இரவில் ஒளிரும் மின்மினியும் வண்டினத்தைச் சேர்ந்ததே. மாணவர்களே, ஒரு குறிப்பேட்டோடு கரையோரம் செல்லுங்கள். கண்டதை, கண்ட நாளை, கண்ட மரத்தை எழுதுங்கள். கோடரி செல்லுமுன் கண் செல்லட்டும்.