சங்கு குளித்த மாமாவும் முஹம்மது அலியும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு தமிழ்த்துறை அன்பர்கள் கேட்டபோது, சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தைப் பற்றி எழுதுவதாகவே நாம் ஒப்புக்கொண்டிருந்தோம். எழுத அமர்ந்த வேளையில் பழைய தகரப்பெட்டி ஒன்றை ஒழுங்கு செய்ய நேர்ந்தது. அதன் அடியில் கிடந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் நம்மை வேறு திசைக்கு இழுத்துச் சென்றுவிட்டது. அதன் அட்டையில், நமது பன்னிரண்டாம் வயதுக் கையெழுத்தில், 'உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் பெற்றோர்' என்று எழுதியிருந்தது. இலக்கிய மலரில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று பெரியோர் வினவக் கூடும். போர்க்களத்தைப் பரணியாகப் பாடிய மொழியில் இதற்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைக்கும் என்ற துணிவில் தொடர்கிறோம்.

அந்த நோட்டு நமக்காக எழுதப்பட்டதன்று. நமது தாய்மாமாவுக்காக எழுதப்பட்டது. மாமா கீழக்கரையில் சங்கு குளிப்பவர். இக்காலத்து மாணவர்க்கு அத்தொழிலைச் சற்றே விளக்க வேண்டும். இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்து மேலே வருவார்கள். குழாயும் இல்லை, காற்றுக் குடுவையும் இல்லை. கரைக்கு வந்ததும் சங்குகளை அளவு பார்ப்பார்கள். அளவுக்குக் குறைந்தது மீண்டும் கடலுக்கே போகும். தேறியவை வங்காளத்துக்குச் சென்று, அந்நாட்டுப் பெண்களின் கையில் வளையலாகும். குளித்தவருக்கு எஞ்சுவது சிறிது கூலியும் கெட்டுப்போன காதுகளும். ஆழத்து நீரின் அழுத்தம் செவிப்பறையைத் தாக்கிக்கொண்டே இருக்கும். மாமாவுக்கு நாற்பது வயதிலேயே இடக்காது முற்றிலும் போயிற்று. வலக்காதில் உரக்கக் கத்தினால் கேட்கும்.

ஆகவே செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும் பணி நமக்கு வாய்த்தது. திண்ணையில் அமர்ந்து மாமாவின் வலக்காதருகே நாம் கத்திய கத்தலில் தெரு முழுவதுமே குத்துச்சண்டை வரலாற்றில் தேர்ச்சி பெற்றது என்றால் மிகையாகாது.

மாமாவுக்கு அரசியலில் நாட்டமில்லை, சினிமாவும் பார்க்கமாட்டார். முஹம்மது அலி ஒருவரைப் பற்றிய செய்திகள்தாம் வேண்டும். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமியில் சன்னி லிஸ்டனை வென்று அவர் முதன்முதலாகப் பட்டம் பெற்றார். அடுத்த மாதமே புதிய பெயர் பூண்டார். அதே ஆண்டு டிசம்பரில்தான் புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை விழுங்கின. இவ்விரண்டும் மாமாவின் நினைவில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 'அலி ஜெயித்த வருசம், தனுஷ்கோடி போன வருசம்' என்றே அவர் ஆண்டுக்கணக்குச் சொல்வார்.

'அலிக்கு முன்னால் யார் யார்?' என்று அவர் ஒருநாள் கேட்டதிலிருந்து தொடங்கியதே அந்த நோட்டு. பள்ளி நூலகத்திலும், கொழும்பிலிருந்து வந்த ஒரு வணிகர் கொடுத்த ஆங்கில இதழ்களிலும் தேடித் தேடி நாம் எழுதினோம். முதற்பக்கத்தில் ஜான் சல்லிவன் இருக்கிறார். வெறுங்கைச் சண்டைக் காலத்தின் கடைசி வீரர் அவர். 1867இல் வெளியான குவின்ஸ்பெரி விதிகள் கையுறையையும், மூன்று நிமிடச் சுற்றையும், விழுந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி அவகாசத்தையும் கொண்டுவந்தன. அவ்விதிகளின்படி 1892இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த போட்டியில், இருபத்தொன்றாம் சுற்றில் சல்லிவன் ஜேம்ஸ் கார்பெட்டிடம் வீழ்ந்தார். மாமாவுக்கு இதில் அக்கறை எழவில்லை. 'வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் அடித்துக்கொண்டான், சரி' என்று தள்ளிவிட்டார்.

ஜாக் ஜான்சன் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். டெக்ஸாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினத்தவர் ஜான்சன். கறுப்பரோடு பட்டத்துக்கு மோதுவதில்லை என்று வெள்ளை வீரர்கள் விலகிய காலம் அது. அவர் அப்போதைய பட்டதாரரான டாமி பர்ன்ஸைக் கடல் கடந்து துரத்திச் சென்று, 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் வென்றார். ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரீஸை அழைத்து வந்து 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் மோதவிட்டார்கள், அவரும் தோற்றார். அன்றிரவு அமெரிக்க நகரங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. 1915இல் ஹவானாவில் ஜான்சன் பட்டம் இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் மேடையேறும் வரை இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவருக்கும் அப்பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்புத் தரப்படவில்லை. 'துறைமுகத்தில் வேலை செய்தவனா?' என்று மாமா இரண்டு முறை கேட்டார். அந்தப் பக்கத்தை மட்டும் மறுநாளும் படிக்கச் சொன்னார்.

ஜோ லூயிஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் இருபத்தைந்து முறை காத்தவர். வரிக்கடன் கழுத்தை நெரித்ததால் மீண்டும் மேடையேறி 1951இல் மார்சியானோவிடம் அடிபட்டு வீழ்ந்தார். முதுமையில் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் இருந்தார். இச்செய்தியை நாம் பின்னாளில்தான் அறிந்தோம், மாமாவிடம் சொல்லவில்லை.

ஊரில் மாமாவின் விருப்பத்தை எல்லோரும் மெச்சவில்லை. பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர், சண்டையில்கூட முகத்தில் அடிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்க, முகத்தைக் குறிவைத்து அடிப்பவரைக் கொண்டாடுவது முறையா என்று கேட்டார். கேள்வி நியாயமானதே, அதற்கு நம்மிடம் இன்றும் விடையில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1967இல் எர்னி டெரல் தம்மைப் பழைய பெயரால் அழைத்தார் என்பதற்காக, ஒவ்வொரு அடிக்கும் 'என் பெயர் என்ன' என்று கேட்டு அவரை அலி வதைத்தார். ஜோ பிரேசியரை விலங்கோடு ஒப்பிட்டு இழிவாகப் பேசினார். அவற்றை நாம் பெருமையாகக் கருதவில்லை.

ஆயினும் அதே 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து, பட்டத்தையும் தொழிலையும் ஒருங்கே இழந்து நின்றாரே, அதுவும் அவர்தாம். இருபத்தைந்து வயது, உடல் உச்சத்தில் இருந்த காலம். மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. 1971இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் தண்டனையை நீக்கியது. கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

அவரிடமிருந்து பறித்த பட்டம் இரண்டாகப் பிளந்தது. நியூயார்க் ஆணையம் ஒருவரை ஏற்றது. உலகக் குத்துச்சண்டைச் சங்கம் தனியே ஒரு போட்டி நடத்தி, 1968இல் ஜிம்மி எல்லிஸை வீரராக அறிவித்தது. நோட்டில் இரு கிளைகளாகக் கோடு போட்டுக் காட்டினோம். மாமா ஒப்பவில்லை. 'லட்சம் சங்கில் ஒரு வலம்புரி. அதை இரண்டாக உடைத்தால் சுண்ணாம்புக்குத்தான் ஆகும்' என்றார். பிரேசியர் 1970இல் எல்லிஸை வென்று பட்டத்தை ஒன்றாக்கிய செய்தியை எழுதிய பிறகுதான் அடுத்த பக்கம் புரட்ட விட்டார்.

1974 அக்டோபர் 30. கின்ஷாசாவில் விடியுமுன் நடந்த போட்டி; நமக்குக் காலை வேளை. ஜார்ஜ் ஃபோர்மன் அடித்தால் மலையும் சாயும் என்று உலகம் நம்பிய நேரம். அலியோ கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மூடி, சுற்றுச் சுற்றாக அடி வாங்கிக்கொண்டே இருந்தார். ஃபோர்மன் அடித்து ஓய்ந்தபின் எட்டாம் சுற்றில் எழுந்து அடித்து வீழ்த்தினார். மறுநாள் செய்தித்தாளை நாம் கத்திப் படித்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். 'மேலே அலை அடிக்கும், மருமகனே. கீழே இருப்பவன் அசையக்கூடாது. மூச்சு இருக்கும்வரை இருந்துவிட்டு, ஒரே உந்தில் மேலே வரணும். அதைத்தான் அவர் செய்திருக்கிறார்' என்றார். அந்தப் போட்டியைப் பற்றி அதன்பின் எத்தனையோ படித்துவிட்டோம். இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

1980 ஜனவரியில் முஹம்மது அலி இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் நம் நாட்டு வீரர் கௌர் சிங்குடன் காட்சிப் போட்டியில் மோதினார். அந்தக் கௌர் சிங் 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். சென்னை நேரு விளையாட்டரங்கிலும் காட்சிப் போட்டி நடந்தது. அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றுச் சிறப்பித்தார். இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டையை வளர்த்த வடசென்னைக்கு அது எத்தகைய திருநாளாக இருந்திருக்கும்! மண்ணடியில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் எழுதிய கடிதம் கண்டு, மாமா இராமநாதபுரத்தில் ரயிலேறினார். நாம் மேனிலை வகுப்பின் முதல் அணி. அரசுத் தேர்வு நெருங்கியதால் போக இயலவில்லை. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

சென்னை மேடையில் அலியை எதிர்த்து நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே ஜிம்மி எல்லிஸ். லூயிவில் நகரில் அலியோடு சிறுவயது முதல் பழகியவர். அலியிடமிருந்து பறித்த பட்டத்தின் ஒரு பாதியைச் சில காலம் சுமந்தவர். 1975இல் பயிற்சியின்போது இடக்கண்ணில் அடிபட்டுப் பார்வை குன்றித் தொழிலை விட்டிருந்தார். மூன்று முறை பட்டம் வென்று ஓய்வை அறிவித்த அலியும், கண்பார்வை குன்றிய எல்லிஸும் நட்புக்காக மோதியதைத்தான் சென்னை மக்கள் கண்டார்கள்.

மாமா திரும்பி வந்ததும் தெருவே திண்ணையில் கூடிற்று. அவர் மகிழ்ச்சியாகப் பேசவில்லை. அரங்கத்து ஆரவாரம் அவருக்குக் கேட்டிருக்காது. காது கேளாதவர்கள் உதட்டையும் கையையும் பார்த்தே மனிதரை அளப்பவர்கள். 'வாய் பழையபடி அசையவில்லை. கை நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போகிறது. இனி அவர் இறங்கக் கூடாது' என்றார். குளிப்புக்கு இறங்குவதைச் சொல்லும் அதே சொல். கூடியிருந்தோர் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம்.

அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன் அலி இறங்கினார். பத்துச் சுற்றுகள் அடிவாங்கிய பிறகு அவருடைய தரப்பினரே நிறுத்தினர். மறு ஆண்டு டிசம்பரில் பெர்பிக்கிடமும் தோற்றார். 1984இல் பார்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் உரைத்தனர். ஹோம்ஸ் செய்தியை நாம் கல்லூரி விடுதியில் படித்தோம். உடனே மாமாவின் நினைவு வந்தது. அலியை எண்ணி அல்ல.

காரணம் இது. வலக்காதையாவது காப்பாற்ற வேண்டுமாயின் இனிக் கடலில் இறங்கவே கூடாதென்று 1979இலேயே ஒரு மருத்துவர் மாமாவுக்குக் கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டைப் படித்துக் காட்டியவரும் நாமே. சென்னையிலிருந்து வந்த அடுத்த மாதம், பிப்ரவரியில், மாமா மீண்டும் குளிப்புக்குப் போனார். உம்மா தடுத்தார்கள். நாம் தடுக்கவில்லை. வாப்பா மறைந்து இரண்டாண்டு ஆகியிருந்த அவ்வீட்டில், நமது கல்லூரிப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது நமக்குத் தெரியும். ஏப்ரலில் குளிப்பு முடிந்தது. ஜூன் மாதம் ஒரு துணிப்பையில் பணம் நம் கைக்கு வந்தது. வலக்காது போயிற்று. அதன்பின் நாம் எவ்வளவு கத்தினாலும் மாமாவுக்குக் கேட்டதில்லை. படித்துக் காட்டும் வழக்கமும் நின்றது.

1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபம் ஏற்ற அலி வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் மாமாவுடன் அமர்ந்து பார்த்தோம். இடக்கை தாளாமல் நடுங்கிற்று. மாமா நம் பக்கம் திரும்பி, விரலால் கீழே இறங்குவதுபோல் ஒரு சைகை காட்டித் தலையை அசைத்தார். அந்த 1980ஆம் ஆண்டுக் குளிப்பைப் பற்றி அப்போதாவது கேட்டிருக்கலாம். சைகையால் கேட்க நமக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாண்டில் மாமா மௌத்தானார். எல்லிஸ் மறதி நோயால் நலிந்து 2014இலும், அலி 2016 ஜூன் 3 அன்றும் மறைந்தனர்.

பட்டம் இதற்கிடையே நான்காக உடைந்துவிட்டது. நான்கு அமைப்புகள், நான்கு கச்சைகள். 1992இல் ரிடிக் போ ஒரு கச்சையைக் குப்பைத் தொட்டியிலேயே போட்டார். 2024 மே 18 அன்று ரியாத்தில் உக்ரைனின் உசிக் நான்கையும் ஒருங்கே பெற்றபோது, மாமா இருந்தால் வலம்புரி ஒட்டிக்கொண்டது என்பார் என நினைத்தோம். அடுத்த மாதமே அவற்றுள் ஒன்றை அவர் துறக்க நேர்ந்தது.

நோட்டு கைக்குக் கிடைத்த அன்று உசிக்கின் பெயரையும் எழுதி வைப்போம் என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினோம். அவை வெறுமையாக இல்லை. பென்சிலால், அரபுத் தமிழில், மாமாவின் கையெழுத்து. மதரஸாவில் கற்ற எழுத்தன்றி வேறு எழுத்து அவருக்குத் தெரியாது. 1980 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் எடுத்த சங்கின் எண்ணிக்கை, அளவில் கழிந்தவை, கிடைத்த கூலி. சில நாள்களுக்கு நேரே 'காது' என்று மட்டும் எழுதியிருந்தது. அடியில் கூட்டுத் தொகை; அதன் பக்கத்தில் நமது பெயர்.