முத்து நகரத்தில் நட்சத்திர வியாபாரம்

சார்மினாரிலிருந்து வடக்கே நடந்தால் பத்தர்கட்டி. கருங்கல் வளைவுகளுக்குக் கீழே வரிசையாக முத்துக் கடைகள். கடலே இல்லாத ஹைதராபாத் முத்துக்குப் பெயர் வாங்கியது நிஜாம்களின் மோகத்தால். அன்று பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தன. இன்று பெரும்பாலும் சீனாவின் நன்னீர் முத்துகள். கடைக்காரர் இரண்டை என் கையில் வைக்கிறார். "பல்லில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள்." ஒன்று வழுக்குகிறது. மற்றது நறநறக்கிறது. "வழுக்குவதுதான் போலி," என்கிறார் சிரித்தபடி.

அவர் கடைக்கு இணையத்தில் 4.7 நட்சத்திரம். அதை எந்தப் பல்லில் தேய்ப்பது?

இந்தக் கேள்வி முந்தைய இரவே எழுந்துவிட்டது. நட்சத்திரங்களை நம்பித்தான் ஒரு பிரியாணி ஹோட்டலுக்குப் போனேன். பிரியாணி சுமார், உப்பு தூக்கல். கேட்காமலே குபானி கா மீட்டா வந்தது. பின்னாலேயே, செல்போனில் படம் பிடிக்க வேண்டிய ஓர் அட்டை. "ஐந்து போடுங்க சார். மேனேஜர் கணக்கு பார்ப்பார்," என்றான் பரிமாறிய பையன். இருபது வயதிருக்கும். ஐந்தைத் தட்டிவிட்டேன். ஆக, அடுத்து வருபவரை ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன்.

உணவுக்காக 2019இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இடம்பெற்ற ஊர் இது. இங்கே பெயரே குழப்பம். ஆர்.டி.சி. கிராஸ் ரோட்டில் பாவர்ச்சி பிரபலம். ஆனால் பாவர்ச்சி என்றால் சமையல்காரர் என்றுதான் பொருள். அதே பெயர்ப் பலகைகள் நகரெங்கும், கடல் கடந்தும் உண்டு. அவசரத்தில் தேடுபவர் பார்ப்பது எந்தச் சமையல்காரரின் நட்சத்திரம்?

நேர்மையான நட்சத்திரத்துக்கும் எல்லை உண்டு. 2024இல் தெலங்கானா உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறப்புப் படை ஹைதராபாத் ஹோட்டல்களில் சோதனை நடத்தியது. காலாவதியான பொருள்கள், சுகாதாரக் கேடு என்று வந்த அறிக்கைகளில் ஊரறிந்த பெயர்களும் இருந்தன. சாப்பிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. நாக்கு ருசியைச் சொல்லும். சமையலறைக்குள் எட்டிப் பார்க்காது.

பொய்யே சொல்பவர்களின் திறமைக்கு லண்டன் சாட்சி. 2017இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்தார். நண்பர்களின் பொய் விமரிசனங்களாலேயே அது டிரிப் அட்வைசர் தளத்தில் லண்டனின் முதலிடத்தைப் பிடித்தது. அதுவரை அங்கே ஒரு தட்டுகூடப் பரிமாறப்படவில்லை.

இந்தியாவும் விழித்துக்கொண்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. எழுதுபவர் யாரென்று சரிபார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விமரிசனத்தை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆனால் வந்தபோது அது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். தவிர, ஓசி இனிப்புக்கும் பையனின் முகத்துக்கும் தலையாட்டும் என்னைப் போன்றவர்களை எந்தத் தரநிலை பிடிக்கும்?

மிஞ்சுவது கடைக்காரரின் சோதனைதான். ஒரே வாரத்தில் குவிந்த "அருமை, அற்புதம்"கள் வழுக்குகின்றன. என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எது பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் ஒரு நறநறப்பு இருக்கிறது. அவர் போட்டது மூன்று நட்சத்திரமானாலும் அவரை நம்பலாம்.

சார்மினாருக்கு அருகில் இரானி டீக்கடை. உஸ்மானியா பிஸ்கட் தட்டுகள் கண்ணெதிரே காலியாகின்றன. இங்கே யாரும் நட்சத்திரம் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் செல்போனை எடுத்து முந்தைய இரவின் ஐந்தை மூன்றாக்குகிறேன். "உப்பு அதிகம். பரிமாறிய பையன் தங்கம்," என்று எழுதுகிறேன். மேனேஜர் இரண்டாவது வரியையும் படிக்க வேண்டும்.