கதிரவனைச் சிறைப்பிடித்த கதை

தோழர்களே! சிறை என்றால் கல்லும் கம்பியும் கொண்டுதான் கட்ட வேண்டுமா? குடித்து எறிந்த குளிர்பான டின் ஒன்று போதும். கைதியும் சாதாரண ஆள் அல்லன். உலகுக்கெல்லாம் ஒளி வழங்கும் கதிரவன்! ஒரு நாளா, இரு நாளா? முழுதாக 182 நாட்கள் அவனை டின்னுக்குள் அடைத்து வைத்தோம். அவனுக்காக வாதாட எவரும் வரவில்லை. அடைத்து வைத்த நம்மைத்தான் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தினார்கள்! அந்தக் கதையைத்தான் இங்கே கூறப் போகிறோம்.

நாம் ஈரோட்டிலே ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண். அப்போது வயது 24. கணிப்பொறியின் முன் அமர்ந்து திருமண அழைப்பிதழ்களை வடிவமைப்பது தொழில். நாளெல்லாம் பிறருடைய நல்ல நேரத்தை அச்சிடுவோம். நமக்கென்று நேரம் கிடைப்பது பொழுது சாய்ந்த பிறகும், பொழுது புலரும் முன்பும்தான். அந்தச் சிறு பொழுதில் படம் வரைவோம். தீப்பெட்டியில் துளையிட்டு ஒளிப்படம் எடுப்போம். பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டுவோம். “கட்டிக் கொடுக்கிற வயதில் இந்தப் பெண்ணுக்கு டப்பாவும் கத்தரிக்கோலும் எதற்கு?” என்று அப்பா கேட்பார். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார், பெருமூச்சு விடுவார். கேள்வியை விட அந்தப் பெருமூச்சுத்தான் நம்மை அதிகம் வாட்டும்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில், தொழிலை நிறுத்திக்கொண்ட ஸ்டூடியோக்காரர் ஒருவர், இருட்டறையிலே கிடந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் பொட்டலம் ஒன்றை நம்மிடம் தந்தார். காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆன தாள். “எடுத்துக்கொண்டு போ, எனக்குக் குப்பை” என்றார். குப்பையா அது? புதையல் அல்லவா!

தாள் கிடைத்துவிட்டது, கேமரா வேண்டுமே! கேமரா என்றால் ஆயிரமாயிரம் ரூபாய் என்று எண்ணுவோர் பலர். கண்ணாடி வில்லை இல்லாமலே படம் பிடிக்கலாம். ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. இருண்ட பெட்டியிலே சிறு துளை இட்டால், மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி அதன் வழியே நுழைந்து கீழே விழும். அடிமரத்திலிருந்து வரும் ஒளி மேலே விழும். உட்சுவரிலே மரம் தலைகீழாகத் தெரியும். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் கெய்ரோ நகரில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம் இந்த விந்தையை ஆராய்ந்து எழுதினார். பிரான்சு நாட்டு நியெப்சு, 1826-27 வாக்கில், தம் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்த காட்சியை ஒரு தகட்டிலே பதித்தார். கேமராவால் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய படம் அது. அதற்குப் பல மணி நேரம் பிடித்தது.

மணிக்கணக்கில் காத்திருந்தால் ஒரு சன்னல் காட்சி கிடைக்குமானால், மாதக்கணக்கில் காத்திருந்தால் என்ன கிடைக்கும்? போலந்திலும் ஸ்பெயினிலும் கலைஞர் சிலர் 2000 ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கேள்விக்கு விடை கண்டனர். ஒவ்வொரு நாளும் கதிரவன் வானில் செல்லும் பாதை, தாளிலே ஒவ்வொரு கோடாகச் சுட்டுப் பதியும். மருந்து வேண்டாம், கழுவ வேண்டாம், வெயிலே எழுதும், வெயிலே வண்ணமும் ஏற்றும்.

செய்முறையைக் கேளுங்கள். டின்னின் மேல்மூடியை வெட்டி எடுத்தோம். பக்கச் சுவரின் நடுவிலே ஊசி முனையால் மெல்லக் குத்தி, உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு நீக்கினோம். டின்னின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டர். அதற்கு ஏற்ற துளை ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குதான். பெரிதானால் படம் மங்கிவிடும். சிவப்பு விளக்கொளியில் தாளைச் சுருட்டி, துளை மறையாதபடி உள்ளே பொருத்தி, கறுப்பு அட்டையால் வாயை மூடி, கறுப்பு டேப் சுற்றி ஒளி புகாமல் அடைத்தோம். டிசம்பர் 22 ஆம் நாள் விடியுமுன் மொட்டைமாடிக் கைப்பிடிக் குழாயில் கிழக்கு நோக்கிக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டினோம். எதிரே ஒரு தென்னை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவற்றுக்கு அப்பால் வானம்.

ஏன் அந்த நாள்? ஆண்டிலே கதிரவன் மிகத் தெற்கே உதித்து, பிறகு வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22 தேதிகளில். ஆனால் நாம் அச்சிடும் அழைப்பிதழ்களில் என்ன இருக்கிறது? தை முதல் நாளிலிருந்துதான் “உத்தராயணம்” - வடக்கு நோக்கிய பயணம்! எழுத்துக்கு எழுத்து நாமே அடித்துக் கோத்த சொல் அது. கூலிக்கு அடிக்கும் சொல் மெய்யா பொய்யா என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? அச்சகத்திலே கேட்க முடியாது, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். வானத்தைக் கேட்கலாம் அல்லவா? எனவே இரண்டாம் டின் ஒன்று செய்தோம். 2022 சனவரி 14, பொங்கல் நாள் விடியலில், முதல் டின்னுக்குப் பக்கத்திலேயே அதையும் கட்டினோம். இரண்டும் ஒரே தென்னையைப் பார்த்தன. கதிரவன் தையில்தான் திரும்புகிறான் என்றால், இரண்டு தாளிலும் தென்கோடிக் கோடு ஒரே இடத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் விலகி விழ வேண்டும். சாட்சி சொல்லத் தென்னை இருக்கிறது!

வானம் விடை எழுதத் தொடங்குமுன், தெரு வினா எழுப்பியது. தொற்றுநோயின் மூன்றாம் அலை வீசிய காலம் அது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. வடகம் காயப்போட மாடிக்கு வந்தவர் கண்ணில் பட்டன, கறுப்பு டேப் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டிய இரண்டு டின்கள். “விடியற்காலையில், யாரும் எழும் முன்பு, இந்தப் பெண் மாடியில் என்ன செய்கிறாள்?” என்ற கேள்வி ஏற்கெனவே தெருவிலே உலவிக்கொண்டிருந்தது. விடை அன்று கிடைத்துவிட்டதாம்: செய்வினை!

வீட்டுக்காரர் வந்தார். “டப்பாவை அவிழ்த்து எறிகிறீர்களா, வீட்டைக் காலி செய்கிறீர்களா?” என்று அப்பாவிடம் கேட்டார். நாம் என்ன செய்தோம், தெரியுமா? சிரித்தோம். உரக்கச் சிரித்தோம். “இந்தக் காலத்திலும் செய்வினையா? எந்த நூற்றாண்டில் இருக்கிறீர்கள்?” என்றோம். படித்த செருக்கு பேசிற்று. பாட்டியின் முகம் சுருங்கியது. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் காய்ச்சலில் கிடந்த குழந்தையிடம் திரும்பிப் போனார். அன்றிரவு அம்மா அழுதார். “உன் டப்பா ஜெயிக்கட்டும், நாளைக்கு நம் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் யார் கதவைத் தட்டுவது?” என்றார்.

அந்தக் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. குழந்தை நோயுற்றுக் கிடக்கும் வீட்டின் அச்சத்தைப் பார்த்துச் சிரித்தோமே, அதற்கு அறிவு என்று பெயரா? இருட்டிலே இருப்பவரிடம் விளக்கை நீட்டாமல், அவர் தடுமாறுவதைக் கண்டு நகைப்பவன் எப்படி ஒளியின் பக்கம் நிற்பவன் ஆவான்? ஊருக்குப் பொதுவான மாடியிலே, ஒருவரிடமும் சொல்லாமல், இரவோடு இரவாகக் கட்டியது யார்? மர்மத்தை உண்டாக்கியது நாம்; மூடநம்பிக்கை அதிலே குடியேறியது, அவ்வளவுதான். பாதிக் குற்றம் நம்முடையது.

வீட்டுக்காரரிடம் ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கினோம். குழந்தை தேறி எழுந்ததும், ஒரு காலை வேளையில் பாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, “பாட்டி, அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே காட்டட்டுமா?” என்றோம். அவருக்கு விருப்பமில்லை, பேத்திக்குத்தான் ஆவல். தெருப்பக்க அறையின் சன்னலைக் கறுப்பு அட்டையால் முழுதும் மூடினோம். நடுவிலே விரல் நுழையும் அளவு ஒரு துளை. கதவைச் சாத்தினோம். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆயிற்று.

பிறகு சுவரிலே தெரு விரிந்தது! எதிர்வீட்டு வேம்பு தலைகீழாகத் தொங்கியது. வானம் தரையிலே கிடந்தது. சைக்கிளில் ஒருவர் சக்கரம் மேலே, தலை கீழே என்று உருண்டு போனார். பேத்தி வெளியே ஓடிச் சென்று தெருவில் நின்று கைகளை ஆட்டினாள். சுவரிலே தலைகீழாய் ஒரு சிறுமி கையாட்டினாள். பாட்டி நெடுநேரம் பார்த்தார். “நான் இந்த அறையில் நாற்பது வருடமாகப் படுத்து எழுந்திருக்கிறேன், அம்மணி. இது எத்தனை நாளாக வெளியே காத்துக்கொண்டிருந்ததோ!” என்றார். பிறகு, “உன் டப்பாவுக்குள்ளும் இதுதானா?” என்று கேட்டார். “இதேதான் பாட்டி, சிறிய அளவில்.” “அப்படியென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். வீட்டுக்காரரிடம் பேசியதும் அவர்தான். நூறு மேடை முழக்கம் சாதிக்காததை ஒரு துளை சாதித்தது, தோழர்களே!

மே மாதத்தில் ஒருநாள் கோடை மழையும் காற்றும் மாடியைப் புரட்டிப் போட்டன. மறுநாள் காலை நம் வீட்டுக் கதவைத் தட்டியவர் பாட்டி. “டேப் ஒரு பக்கம் கழன்று கிடக்கிறது. நான் தொடவில்லை, அம்மணி. நகர்ந்தால் கெட்டுப் போகும் என்று சொன்னாயே!” என்றார். செய்வினை என்று அஞ்சிய அதே பொருளுக்கு அவர் காவலர் ஆகிவிட்டார்! ஓடிப் போய் ஒட்டினோம். முதல் டின்னில் சற்று நீர் புகுந்திருந்தது.

ஜூன் 21 மாலை இரு டின்களையும் அவிழ்த்தோம். அப்பா, அம்மா, பாட்டி, பேத்தி அனைவரும் அச்சகத்துக்கே வந்துவிட்டனர். வெளிச்சம் படப்படத் தாள் கறுக்கும். எனவே ஒரே ஒரு முறை ஸ்கேனரில் வைத்துக் கணிப்பொறியில் கருமையை வெண்மையாக மாற்றினோம். முதல் தாளின் மூலையிலே பூஞ்சை பிடித்திருந்தது. ஆனால் எஞ்சிய இடமெல்லாம் ஒளிக்கோடுகள்! தென்னைக்குப் பின்னிருந்து எழுந்து, வலப்பக்கம், அதாவது தெற்கே, சற்றே சாய்ந்து ஏறும் கோடுகள். தறியிலே பாவு இழைகள் நிற்பது போல. ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஆறு மாதக் காலைப் பொழுதுகள். இருமுனைகளிலும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவிலே, பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு மாதத்தில், அகன்று நின்றன. திரும்பும் காலத்தில் கதிரவன் தயங்குகிறான், நடுவழியில் விரைகிறான். இழை அறுந்த இடமெல்லாம் மேகம் மூடிய காலைகள்.

இனித் தீர்ப்பு. இரு படங்களையும் தென்னையோடு தென்னை பொருந்த அருகருகே வைத்தோம். பொங்கலன்று கட்டிய தாளின் தென்கோடிக் கோடு, முதல் தாளின் தென்கோடியிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகி, வடக்கே தள்ளி இருந்தது. அற்ப அளவா? வானத்திலே அது ஏறத்தாழ இரண்டு பாகை; கதிரவனின் சொந்த அகலத்தைப் போல் நான்கு மடங்கு! தை பிறக்கும்போது கதிரவன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பஞ்சாங்கம் வகுத்தவர்கள் முட்டாள்களா? அல்லர். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நிலவுலகின் அச்சு, சுழலும் பம்பரம் போல் மெல்லத் தலையாட்டுகிறது; அதனால் விண்மீன்களைக் கொண்டு கணக்கிடும் தை முதல் நாள், ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் செல்கிறது. அன்று அளந்தவர்கள் அறிவாளிகள். அதன்பின் வானத்தைப் பார்க்காமல் ஏட்டை மட்டும் பார்த்தோமே, பிழை அங்கே நேர்ந்தது. பொங்கலுக்கு இதனால் குறைவுண்டா? உழவர் அறுத்த நெல் களத்துக்கு வருவதைக் கொண்டாடும் திருநாளுக்கு, கதிரவன் திரும்பித்தான் பெருமை சேர்க்க வேண்டுமா?

நாளையும் நாம் “உத்தராயணம்” என்று அடித்துக் கோக்கத்தான் போகிறோம், வயிறு இருக்கிறதே! ஆனால் இனிப் பொருள் தெரிந்து அடிப்போம். அப்பா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இதற்காகவா விடியற்காலையில் எழுந்தாய்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அதற்குச் சட்டமிட்டுக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு படி பாட்டியின் அறையிலே, அந்தச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது.

ஓய்வு நேரம் செல்வர் வீட்டுச் சொத்தன்று. உழைக்கும் பெண்ணுக்கும் உரிமையான உடைமை. அதிலே செய்யும் சிறு வேலை சோறு போடாது, உண்மை. ஆனால் சொன்னதை நம்பும் பழக்கத்திலிருந்து சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். உங்கள் வீட்டு மூலையிலே காலி டின் ஒன்று கிடக்கிறதா, தோழர்களே? எடுங்கள், துளையிடுங்கள். ஆனால் மாடியிலே கட்டுமுன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.